பகுதி

சேன் அந்த்ரே கல்லறைத் தோட்டத்துக்கு
அடக்கம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை போனோம்,
நானும் நகராட்சி ஓட்டுநர் ஒவாரோவும்.
அவர் கையில் வாளி. என் கையில்
ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு பிப்பெட்,
பெயர்கள் இல்லாத ஒரு படிவம்.

மூன்று வாரமாக வீடு வீடாகப் போயாயிற்று.
டயர், சிரட்டை, நாய்க்குத் தண்ணீர் வைத்த குண்டான்,
ஃப்ரிட்ஜின் பின்தட்டு
எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டோம்.
காய்ச்சல் மட்டும் கவிழவில்லை.
வரைபடத்தில் நான் குத்திய சிவப்புப் புள்ளிகள்
ஆலைச் சாலையை விட்டு நகர்ந்து
இந்த மதிலோரம் வந்து உட்கார்ந்தன,
பந்திக்கு முந்துகிறவர்கள் மாதிரி.

ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு பூச்சாடி.
சிலதுக்கு இரண்டு.
அந்தூரியத் தண்டைத் தூக்கி, நீரைத் தட்டில் சாய்த்தேன்.
கூத்தாடிகள்.
இந்தப் பெயரை வைத்தவன்
கொஞ்ச நேரமாவது குந்திப் பார்த்திருக்கிறான்:
வளைந்து, நிமிர்ந்து, தலைகீழாகத் தொங்கி,
பார்ப்பதற்கு ஆளில்லாமல் நடக்கிற கூத்து.
ஒவாரோவின் சின்னம்மா சாடியிலும் இருந்தன.
அதை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.
எண்ணினேன்.
நூற்றுப் பதினான்கு சாடியில் எழுபத்தொன்று.

தீர்வு சிரமமில்லை. ஈர மணல்.
மணல் இருந்தால் பூ நிற்கும், நீர் நிற்காது.
பதினோரு மூட்டை ஏற்றி வந்திருந்தோம்.

மணல் நாற்பத்து மூன்றாவது சாடிக்கு வந்தபோது
பக்கத்தில் ழிஸ்லேன் தாந்த்ராயென் உட்கார்ந்திருந்தார்.
கல்லில் சிலுவை, அதன் அடியில் கற்பூரக் கறை,
வண்ணம் இன்னும் மங்காத தேதி.
"போடு, போடு" என்றார் கிரியோலில்.
"போடுவதற்கு முன்னால் ஒன்று சொல்.
உன் கணக்கில் இவர் இருக்கிறாரா?"

கரும்பு லாரி ஓட்டியவர்.
காய்ச்சல் வந்த ஒன்பதாம் நாள் போனார்.
சான்றிதழில் எழுதியிருப்பது: இதயம் நின்றது.
யாருக்குத்தான் அது நிற்காமல் சாவு வந்திருக்கிறது?

காரைக்காலில், ஐந்தாம் வகுப்பில்,
பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி,
கீழே இருப்பது பகுதி என்று படித்தேன்.
இப்போது மேலே நோயாளிகளை எழுதுகிறேன்,
கீழே அந்தப் பகுதியில் உயிரோடிருக்கும் எல்லாரையும்.
இவரை மேலே ஏறச் சான்றிதழ் விடவில்லை.
கீழேயிருந்து நானே அடித்துவிட்டேன், செத்தவர் என்பதால்.
நடுவில் கிழித்த கோட்டில்
எங்கோ கிடக்கிறார்.

அதைச் சொல்லவில்லை.
வேறொரு கணக்கு உண்டு என்றேன்.
வழக்கமான மார்ச்சில் இந்த ஊரில் இத்தனை சாவு,
இந்த மார்ச்சில் இத்தனை,
கழித்தால் மிச்சம் பத்தொன்பது.
கூடவோ குறையவோ ஆறு.

"அந்தப் பத்தொன்பதில் இவர் உண்டா?"
இருக்கலாம்.
"அந்த ஆறிலா?"
தெரியாது.

அவர் சிரித்தார், நான் எதிர்பார்க்கவில்லை.
"லாரிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு
நாற்பது வருடம் அப்படித்தான் சமைத்தேன்.
கூடவோ குறையவோ ஒரு தட்டு."

மணலை அவரே கைப்பட அழுத்தினார்.
அந்தூரியம் சாய்ந்தது. மறுபடி குத்தினார்.
மறுபடி சாய்ந்தது.
ஒவாரோ ஒரு கல்லை எடுத்து முட்டுக் கொடுத்தார்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

ராத்திரி அறிக்கை தட்டும்போது
வலது மணிக்கட்டில் தொடங்கியது,
பிறகு விரல்களில், கணுக் கணுவாக,
கரும்பை ஒடிக்கிறாற்போல.
நாளை பக்கத்து ஊர்க் கல்லறை பாக்கி.
மருத்துவரிடம் போகப் போவதில்லை.

மருத்துவரிடம் போகாதவர்களையும் சேர்ப்பதற்கு
பதிவான எண்ணிக்கையை நான் இரண்டரையால் பெருக்குவேன்.
சுலபமான பெருக்கல்தான், எப்போதும் மனதிலேயே போடுவது.
இன்று அந்த அரை
பேனா பிடிக்க விடவில்லை.